ஈலோமி என்று யாராவது சொல்ல வேண்டும்

இதுவரைக்கும் எல்லாரும் "டாக்டரம்மா" என்றுதான் சொல்கிறார்கள். டாக்டரம்மா வந்தாச்சுங்களா, டாக்டரம்மா போன வாரமே ஊசி போட்டாங்க, டாக்டரம்மா புண்ணாக்கக் கொறைக்கச் சொன்னாங்க. மாட்டாஸ்பத்திரி வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்ததிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன், ஒருத்தர் வாயிலிருந்தாவது அது வருகிறதா என்று. வரவில்லை. பக்கத்தில் நங்கையா உட்கார்ந்திருக்கிறார். இவருடைய அக்கா. இவர் என்றால் என் வீட்டுக்காரர். அவர் பேரையும் நான் சொல்கிற வழக்கமில்லை. நங்கையாவின் காலடியில் அவருடைய வெள்ளாடு வயிறு ஊதிப்போய் நிற்கிறது. விடிகாலையில் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்ச் சோள மூட்டையில் வாயை வைத்திருக்கிறது. அதை ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றி, பின்னால் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கொம்பைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தோம். "நம்ம புள்ள ஆஸ்பத்திரி, நேரா உள்ள போயிரலாம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார் நங்கையா. நம்ம புள்ளையோ வெளியே வந்து, ஆட்டின் வயிற்றை விரலால் சுண்டிப் பார்த்து, வாயில் ஒரு மருந்தை ஊற்றிவிட்டு, "அத்தை, உசுருக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்கு முன்னால வந்தவங்க இருக்காங்க, வரிசைல உக்காருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நங்கையாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. என் மகள்.

அவளுக்கு இரண்டு பேர். ஒன்று வாசலுக்கு மேலே நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் இருக்கிறது, பட்டத்தோடு. அது என் மாமியாரின் பேர். பேத்திக்குப் பாட்டி பேர் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டு வழக்கமும் ஒரே பிள்ளையின் தலையில் வந்து இறங்கினால் பெற்றவள் என்ன செய்வாள் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. பேர் வைக்கிற அன்றைக்கு வீடு நிறையச் சொந்தபந்தம். பிள்ளைக்கு அத்தைதானே காதில் சொல்ல வேண்டும், நங்கையா பட்டுச்சேலை சரசரக்க வந்து, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, பிள்ளையின் காதருகே குனிந்து மூன்று தடவை முணுமுணுத்தார். "என்ன பேருங்க?" என்று யாரோ கேட்டதற்கு "ஆத்தா பேருதான்" என்றார்கள். மாமியார் கட்டிலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். நான் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பத்து மாசம் சுமந்து பெற்றதை இனிமேல் எப்படிக் கூப்பிடப் போகிறோம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும், மாமியார் போய் இத்தனை வருஷத்துக்குப் பிறகும், அந்தப் பேர் எனக்கு மனசுக்குள்கூட முழுசாக வராது. முதல் எழுத்து வரும், அதோடு பல்லுக்குப் பின்னால் நின்றுவிடும். பலகையைப் பார்த்தால் கண் வழுக்கிக்கொண்டு கீழே போய், "ஞாயிறு விடுமுறை" என்பதைப் படித்துக்கொண்டிருக்கும்.

டெட்டால் நெடியும் சாணி நெடியும் சேர்ந்து மூக்கில் ஏறுகிறது. எனக்கு இந்த நெடி பிடிக்கும். அவள் சேலையிலும் சுடிதாரிலும் இதுதான் அடிக்கிறது, துவைத்தாலும் போவதில்லை. எதிரே இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குள் ஒரு மயிலைக் காளையை ஏற்றி, முன்னும் பின்னும் கம்பி போட்டு அடைத்திருக்கிறார்கள். குளம்பில் புண்ணாம். அது மூச்சு விடுகிற சத்தம் இங்கே வரை கேட்கிறது. டிராக்டர் ஓடாமல் நின்று உறுமுகிற சத்தம் போல இருக்கிறது, உடனே எனக்குப் பழைய நினைப்பு வந்துவிடுகிறது. அந்தக் களம். கடலைக்கொடி ஏற்ற வந்த டிராக்டர். அவளுக்கு நடை வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, கால் சலங்கையோடு தத்தித் தத்திப் போகிறாள், நேராக டிராக்டரின் பின்சக்கரத்துக்கு. ஓட்டுகிற ஆள் பின்னால் பார்க்காமல் பின்னுக்கு எடுக்கிறார். நான் இந்தக் கோடியில், தலையில் கூடையோடு. மாமியார் எனக்குப் பக்கத்தில் நிற்கிறார். கூப்பிட வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் பிள்ளை திரும்பும். அந்தப் பேர் தொண்டை வரைக்கும் வந்தது, வந்து மாமியாரைப் பார்த்து நின்றுவிட்டது. பாழாய்ப்போன மரியாதை, அந்த நேரத்திலும் நின்றது. ஆனால் மூச்சு நிற்கவில்லை, அது எதையாவது தூக்கிக்கொண்டு வெளியே வந்தாக வேண்டும். "ஈலோமீ!" என்று கத்தினேன். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பிள்ளை நின்றாள். திரும்பிப் பார்த்தாள். பொத்தென்று தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சக்கரம் அவள் சலங்கைக்கு ஒரு கை தள்ளி மண்ணை அரைத்துக்கொண்டு நின்றது.

மாமியார் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "என்னடி கத்துன?" என்றார். "தெரியலீங்க அத்தை." "இன்னொருக்காச் சொல்லு." சொன்னேன். அவர் பிள்ளையின் சலங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். "செரி, அதையே கூப்புட்டுக்கோ. எம் பேரச் சொல்லி 'எருமை, சோத்தத் தின்னுடி'ன்னு நீ திட்டறதவிட இது எவ்வளவோ தேவல" என்றார். அவ்வளவுதான் நடந்தது. பஞ்சாங்கம் பார்க்கவில்லை, எழுத்துக் கூட்டிப் பார்க்கவில்லை, எந்தச் சாமிக்கும் சொந்தமில்லை. உலகத்தில் அதற்கு முன்னால் அப்படி ஒரு பேரே கிடையாது, என் வாய்தான் அதற்குப் பிறந்த வீடு. அன்றைக்கு ராத்திரி அவளுக்குச் சோறு ஊட்டும்போது மெதுவாக வைத்துப் பார்த்தேன். ஈலோமிக்குப் பருப்பு வேணுமா. ஈலோமி கையை எங்கே வைக்கிறா. ஈலோமியை யாரு அடிச்சா. புது அடுப்பில் முதல் தோசை பிய்யாமல் வந்த மாதிரி இருந்தது. எங்கே வைத்தாலும் உட்கார்ந்தது. திட்டினாலும் நன்றாயிருந்தது, கொஞ்சினாலும் நன்றாயிருந்தது. "ஈலோமி, ஜடையைப் பிய்க்காதே." "அடியே ஈலோமி, பஸ் வந்துருச்சு." அவள் காலேஜுக்குப் போன பிறகு வெறும் வீட்டில் சும்மா ஒருமுறை "ஈலோமி" என்று சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அது என்னோடு நின்றுவிட்டது, அதுதான் சங்கதி. இவருக்கு அவள் பாப்பா. இப்போதும் பாப்பாதான், மாட்டின் வயிற்றுக்குள் கை விடுகிற பாப்பா. நங்கையாவுக்கு அம்மிணி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்றைக்கு டீச்சர் "பிள்ளை பேர் என்ன?" என்று கேட்டார். நான் இவரைப் பார்த்தேன், இவர் என்னைப் பார்த்தார். பெற்ற அம்மா பேரை இவர் மட்டும் எப்படி வாய்விட்டுச் சொல்வார்? சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதி டீச்சரிடம் நீட்டினார். பிள்ளைக்குப் பேச வராதா என்று கேட்க வேண்டியவர், பெற்றவர்களுக்குப் பேச வராதா என்பது போல எங்களைப் பார்த்தார். ஒருநாள் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அம்மா, எல்லாப் பேருக்கும் அர்த்தம் இருக்குதாம். ஈலோமின்னா என்ன?" என்றாள். எனக்கு வேறென்ன தெரியும்? "நில்லுன்னு அர்த்தம்" என்றேன். "யாரு நிக்கோணும்?" "நீதான். செத்துப் போகாம நில்லுன்னு அர்த்தம்." அவள் புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டு, "நல்ல அர்த்தம்தான்" என்று சொல்லி விளையாடப் போய்விட்டாள்.

இன்றைக்குச் சாயங்காலம் அச்சாபீஸ்காரர் வீட்டுக்கு வருகிறார். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் பெண் பேர் என்ன போடுவது என்பதில் முடிவில்லாமல் வீடு நின்றுகொண்டிருக்கிறது. அவளைக் கேட்டால், "எதப் போட்டாலும் நான்தானே? அம்மா என்ன சொல்லுதோ அதப் போடுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டாள். இவர், "அக்காளும் நீயும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்று தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். அன்றைக்கு மழை பெய்துகொண்டிருக்கும்போதே போனார். நங்கையா போன வாரம் முற்றத்தில் நின்று எல்லார் முன்னாலும் சொன்னார்: "எங்கம்மா பேரு நாலு ஊருக்குப் போகோணும். நீ கத்துனதெல்லாம் ஒரு பேரா துளசி? அது உன்ற வாயோட பொறந்துச்சு, உன்ற வாயோட போயிரும். வெளிய ஒரு சனம் சொல்லுமா அத?" நான் காப்பி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஏனென்றால் அதுதான் என் பயமும். நான் கண்ணை மூடினால் அது யார் வாயில் இருக்கும்? பேர் என்றால் மற்றவர்கள் கூப்பிட வேண்டும். ஒருத்தி மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது பேரா, முனகலா? அதனால்தான் ஆட்டுக்குத் துணை என்று வண்டியில் தொற்றிக்கொண்டு வந்தேன். எனக்குள் ஒரு தீர்மானம்: முன்பின் தெரியாத ஒருத்தர், நான் சொல்லிக் கொடுக்காமல், தன் பேச்சோடு பேச்சாக அதைச் சொல்லிக் கேட்டுவிட்டால் போதும், சாயங்காலம் வாயைத் திறப்பேன். கேட்காவிட்டால் மூடிக்கொள்வேன். அந்தப் பேரே பத்திரிகையில் போகட்டும், நான் சொல்ல முடியாத பத்திரிகையை நானே ஊர் ஊராகக் கொண்டுபோய் வெற்றிலை பாக்கோடு கொடுக்கிறேன்.

வெயில் ஏறுகிறது. வேப்பமரத்து நிழல் பெஞ்சை விட்டு நகர்ந்து நங்கையா பக்கம் போய்விட்டது, நிழல்கூட அவர் கட்சிதான். கம்பவுண்டர் வேலாயுதம் "மேடம்" என்கிறார். பால் சொசைட்டிக்காரர் "சார்" என்கிறார், பழக்கதோஷம். கோழிக்கூடையோடு வந்திருக்கிற கிழவர் ஒருத்தர் "அந்தப் புள்ள கை ராசியான கைங்க" என்று யாரிடமோ சொல்கிறார். பேரைச் சொல்லுங்களேன், ஐயா, வாய் வலிக்குமா? சொல்லி வைத்த மாதிரி அவரே வேலாயுதத்திடம், "ஏனுங்க, புள்ள பேரு என்னுங்க?" என்று கேட்டார். நான் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தேன். வேலாயுதம் தலையைக்கூடத் தூக்காமல், கட்டைவிரலால் பின்னால் பலகையைக் காட்டி, அந்தப் பேரைச் சொன்னார். முழுசாக, சத்தமாக, பட்டத்தோடு. நங்கையாவின் முதுகு தானாக நிமிர்ந்தது. என் பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்றார். கிழவரிடம், "எங்கம்மா பேருங்க. நாங்கதான் வெச்சது" என்றார். கிழவர், "அப்படீங்களா, அந்தக் காலத்துப் பேரு, கெட்டிப் பேரு" என்று ஒத்து ஊதினார். கெட்டிதான், யார் இல்லை என்றது. என் மாமியாரும் கெட்டிதான். நல்ல மனுஷிதான். அந்தப் பேர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அதை எடுத்து என் பிள்ளையின் மேல் போட்டு மூடிவிட்டார்களே என்றுதான். சரி. முடிந்தது. சாயங்காலம் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்பங்கரையில் இருந்துகொள்ள வேண்டியது. ஆடு என் புடவைத் தலைப்பை மெல்ல ஆரம்பித்திருந்தது. வயிறு இந்த அழகில் இருக்கும்போதும் அதற்குப் பசி.

"ஏ ஈலோமி, நில்லுடி! எங்கடி இழுத்துட்டுப் போற?"

நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. என் குரல்தான் எனக்கே கேட்கிறதோ, வெயிலில் தலை சுற்றுகிறதோ என்று நினைத்தேன். மறுபடி கேட்டது, வெளிவாசல் பக்கமிருந்து, மூச்சிரைக்க, எனக்குத் தெரியாத ஒரு குரலில்: "ஈலோமி, சொன்னாக் கேக்கோணும், ஆஸ்பத்திரி வந்துருச்சு பாரு." நைட்டிக்கு மேல் துண்டு போட்ட ஒரு பெண், முப்பது வயசிருக்கும், ஒரு செவலைக் கிடாரிக் கன்றுக்குட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். வந்ததும் வராததுமாக வேலாயுதத்திடம், "ஈலோமிக்கு நேத்துலருந்து கழிச்சலுங்க. ஈலோமி ஒரு வாய் தண்ணி குடிக்கலீங்க. ஈலோமிய முன்னால பாத்து உட்டுருங்க, வீட்டுல அடுப்புல சோறு கெடக்குது" என்றாள். மூன்று. நான் எண்ணவில்லை, அவை தாமாக வந்து மடியில் விழுந்தன. நான் எழுந்து போனேனா, என் கால் என்னைக் கொண்டுபோனதா தெரியாது, அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்று, "என்ன பேரும்மா சொன்ன?" என்று கேட்டேன். "ஈலோமிங்க்கா. டாக்டரம்மா பேரு" என்றாள். "பலகைல வேற பேரு இருக்குதே?" "அது கவுருமெண்டுக்குங்க. இவ பொறக்கறப்பத் தல திரும்பிக்கிச்சுங்க. டாக்டரம்மா மத்தியானச் சோத்த அப்படியே உட்டுப்போட்டு ஓடியாந்து, முழங்கை வரைக்கும் கைய உட்டுத் திருப்பி எடுத்தாங்க. மாடும் பொழைச்சுது, இவளும் பொழைச்சா. உங்க பேர இதுக்கு வெச்சுக்கறனுங்க, பேரச் சொல்லுங்கன்னேன். ஈலோமின்னாங்க. எங்கம்மா வெச்சது, நில்லுன்னு அர்த்தம்னாங்க. சொல்லி வாய மூடலீங்க்கா, இவ நாலு காலையும் ஊனி எந்திரிச்சு நின்னுக்கிட்டா!"

கேட்டீர்களா? எங்கம்மா வெச்சது என்று சொல்லியிருக்கிறாள். கை முழங்கை வரை ரத்தமும் நீருமாக நிற்கும்போது, யாரோ பேர் கேட்கும்போது, அவள் வாயில் வந்தது அதுதான். பெஞ்சுக்குத் திரும்பி வந்தேன். வெயிலில்தான் உட்கார்ந்தேன், சுடவில்லை. நங்கையா சுதாரித்துக்கொண்டு விட்டார். "அதான பாத்தேன்" என்று வாயைப் பொத்திச் சிரித்தார். "கன்னுக்குட்டிக்கு வெக்கறதுக்குத்தான் லாயக்கு. கல்யாணப் பத்திரிகைல கன்னுக்குட்டி பேரப் போடலாமா துளசி?" ஒரு கணம் சுருக்கென்றது. பொய் சொல்வானேன், நன்றாகவே குத்தியது. பிறகு அந்தப் பெண் கன்றைத் தடவிக்கொடுத்துக்கொண்டே பேசுவது காதில் விழுந்தது. ஈலோமிக்கு வெல்லம்னா உசுரு. ஈலோமி நேத்து எங்க மாமனார முட்டிப்போட்டா. ஈலோமி இல்லாட்டி எங்க சின்னவன் தூங்க மாட்டான். நான் போகாத ஒரு வீடு, நான் பார்க்காத ஒரு மாமனார், ஒரு சின்னவன். அங்கே காலையிலும் மாலையிலும் அதைச் சொல்கிறார்கள். தண்ணீர் காட்டும்போது சொல்கிறார்கள், அதட்டும்போது சொல்கிறார்கள். அர்ச்சனையில் சொல்கிறார்களா என்றா பார்க்க முடியும்? புழங்குகிறது, அவ்வளவுதான். என் பிள்ளையைச் சாப்பிட வைக்கத்தான் நானும் அதைப் புழங்கினேன். "போடலாமுங்க நங்கையா" என்றேன். "கன்னுக்குட்டி என்ன, லட்சுமிங்கற மாடு இல்லாத தொண்டுப்பட்டி, மாட்டுக்கொட்டாய் எங்க இருக்குது? அதுக்காக லட்சுமின்னு பொண்ணுக்கு வெக்காமயா இருக்கறாங்க?" நானா பேசினேன்? முப்பது வருஷத்தில் அவருக்கு நான் சொன்ன முதல் எதிர்ப்பேச்சு. நங்கையா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆட்டின் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "சாயங்காலம் பேசிக்கலாம்" என்றார். குரலில் பழைய கெத்து இல்லை.

அப்போதுதான் எங்கள் முறை வந்தது. என் மகள் வெளியே வந்தாள், கையில் ரப்பர் குழாயும் எண்ணெய்ப் புட்டியும். ஆட்டை நங்கையாவிடமிருந்து வாங்கி வாசல் நடுவுக்குக் கொண்டுபோய், அதன் வாய்க்குள் குழாயை விட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன் விலாவை அமுக்க ஆரம்பித்தாள். எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது, பின்கழுத்தில் ஒட்டியிருந்த முடி தெரிந்தது. வெல்லம்னா உசுரு, இவளுக்கும்தான், என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். பின்னால் மயிலைக் காளையைச் சட்டத்திலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். கம்பியை உருவின சத்தம் கேட்டது. பிறகு "ஐயோ கயிறு, கயிறு" என்று ஒரு குரல். நிமிர்ந்தேன். மூக்கணாங்கயிறு அறுந்து, தலையைத் தாழ்த்தி, காளை நேராக வருகிறது. அவளுக்குத் தெரியவில்லை. ஆட்டின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். களம். டிராக்டர். சலங்கை. வாயைத் திறந்தேன், உள்ளே காய்ந்த பஞ்சு. இத்தனை வருஷமாக என்னிடம் இருந்த ஒரே சொல், நான் பெற்ற சொல், அது வரவில்லை. காற்றுத்தான் வந்தது. காலும் எழவில்லை. வேண்டாம், வேண்டாம், எனக்குப் பத்திரிகை வேண்டாம், பேர் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

"ஈலோமீ!"

அவள் நின்றாள். குனிந்திருந்தவள் சடாரென்று எழுந்து நின்றாள், திரும்பினாள், பார்த்தாள், ஆட்டைக் கொம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் பாய்ந்தாள். காளை அவள் உட்கார்ந்திருந்த இடத்தின் மேல் போனது. எண்ணெய்ப் புட்டி நொறுங்கியது. வாளியை முட்டித் தூக்கியெறிந்துவிட்டு, வேப்பமரத்தடியில் போய், தான் எதற்காக ஓடிவந்தோம் என்று மறந்துபோனது போல நின்றது. ஆளாளுக்கு ஓடிப்போய்ப் பிடித்தார்கள். கன்றுக்குட்டிக்காரப் பெண், "டாக்டரம்மாளக் கூப்புட்டதுக்கு எங்க ஈலோமியுமில்ல திரும்பிப் பாக்குது!" என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். தூணுக்குப் பின்னால் ஆடு ஊரே கேட்கும்படி நீளமாக ஓர் ஏப்பம் விட்டது. கிழவர் கோழிக்கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "நல்ல நேரத்துல கூப்புட்டீங்கம்மா" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, என் பக்கத்தில் பார்த்துச் சொன்னார். நானும் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். நங்கையா நின்றுகொண்டிருந்தார். முந்தானை கீழே கிடந்தது, வாய் இன்னும் திறந்தபடி இருந்தது.

அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். "வேற ஒண்ணும் வாயில வரலடி துளசி" என்றார். "எங்கம்மா பேரச் சொல்லி நான் எப்படிக் கூப்புடுவேன்? பெத்தவ பேர எவ சொல்லுவா?" இத்தனை வருஷத்தையும் புரட்டிப் பார்க்கிறேன். அம்மிணி. கண்ணு. தங்கம். எங்கம்மா பேருங்க. ஆத்தா பேருதான். ஒரு தடவைகூட இல்லை. இவரும் சொன்னதில்லை, நங்கையாவும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. வீட்டில் ஒருத்தர் வாயும் தொட முடியாத பேரை எடுத்துப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, அதற்காக இத்தனை சண்டை. "அப்ப, பேரு வெச்ச அன்னிக்குக் காதுல மூணு தடவ சொன்னீங்களே?" என்றேன். நங்கையா முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தார். "எங்கே சொன்னேன்? குனிஞ்சேன், வரல. அம்மான்னு சொன்னேன். மூணு தடவையும் அம்மான்னுதான் சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. அவருக்கும் வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று மனசு குதிக்கிறது, வெட்கமில்லாமல் குதிக்கிறது, குதிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் மகள் முழங்கையைத் துடைத்துக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நின்றாள். "ரெண்டு பேருக்கும் என்னாச்சு? யாரு கூப்புட்டது என்னைய?" என்றாள். "உன்ற அத்தைதான்" என்றேன். அவள் நங்கையாவைப் பார்த்த பார்வையை நான் எங்கே போய்ச் சொல்வேன். நங்கையா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, என்னிடம், "பத்திரிகைல அதையே போடச் சொல்லிரு" என்றார். பிறகு, "எங்கம்மா போயிப் பதினாறு வருசமாச்சு. இவளுக்கு வெச்சா நாலு பேரு சொல்லுவாங்கன்னு பாத்தேன். இனி அவங்க பேரு எங்கயும் கேக்காதில்ல?" என்றார். அவர் கேட்ட விதம் எனக்குத் தெரிந்த விதம். இன்று காலையிலிருந்து இந்தப் பெஞ்சில் நான் கேட்டுக்கொண்டிருந்ததும் அதுதான். களத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அதையே கூப்புட்டுக்கோ என்று சொன்ன முகம் கண் முன்னால் வந்தது. அந்த முகத்துக்கு ஒரு பேர் உண்டு, அது அந்த முகத்துக்கு மட்டுமே பொருந்தும். நிமிர்ந்து நீலப் பலகையைப் பார்த்தேன். கண் வழுக்கவில்லை. முதல் எழுத்து வந்தது, பல்லுக்குப் பின்னால் நின்றது, நான் அதைத் தள்ளினேன்.

"இப்படிப் போடலாமுங்க நங்கையா" என்றேன். "பாவாத்தாள் அவர்களின் பேத்தி ஈலோமி."

நங்கையா என் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டார். "எங்கம்மா பேரையாடி சொல்ற நீ?" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொருக்காச் சொல்லு" என்றார்.

சொன்னேன்.